நாள் எழுதாத சீட்டு

கண் அலர்ஜியால் யாருக்கும் பார்வை போகாது என்று இருபது வருடங்களுக்கு மேல் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். கோவில்பட்டியில் என் கிளினிக்குக்கு வந்த எத்தனையோ தாய்மார் அதைக் கேட்டு நிம்மதியாக பஸ் ஏறிப் போயிருக்கிறார்கள். புதிதாகக் கண் மருத்துவத்துக்கு வந்திருக்கும் நீங்களும் அதையேதான் சொல்வீர்கள். கண்புரை, சர்க்கரையால் கெட்டுப்போன விழித்திரை, வேலிக்கருவை முள் குத்திய கண் என்று வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது, நடுவில் ஒரு பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தால் உங்களுக்கே ஒரு ஆசுவாசம் வரும். அப்பாடா, இது சின்ன விஷயம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மருந்தும் அளவும் உங்களுக்குப் பாடத்தில் இருக்கிறது. அதை நான் வேறு ஒப்பிக்க வேண்டாம். கிளினிக்கை மூடிவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் இந்த நாட்களில் ஒரு பெண் குழந்தையின் முகம் மட்டும் எனக்கு அடிக்கடி வருகிறது. அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதில் எதையும் பூசி மெழுகவில்லை.

இந்தக் கரிசல் காட்டில் பங்குனி பிறந்தால் ஆடி முடிகிறவரை பிள்ளைகளின் கண்ணுக்கு நிம்மதி கிடையாது. மழை பெய்தால் காலை விடாமல் பிடித்துக்கொள்ளும் அதே மண், வெயிலில் வெடித்துப் பொடியாகிக் காற்றில் ஏறிவிடும். கூடவே வேலிக்கருவைப் பூ, பார்த்தீனியம், கதிர் அடிக்கிற தூசி. கண் சிவந்திருந்தால் முதலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அரிக்கிறதா? அரிப்பு இல்லையென்றால் வேறு எதையாவது தேடுங்கள். அரிப்பு இருந்து, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசி, நூல்போல அழுக்கு வந்து, வெள்ளைவிழி பழுப்பேறியிருந்தால் சோம்பல்படாமல் மேல் இமையைப் புரட்டிப் பாருங்கள். உள்ளே உளுந்தைப் பரப்பி வைத்ததுபோல மேடு மேடாக இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரி, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. நான் கோட்டை விட்டது கண்டுபிடித்ததற்குப் பிறகுதான்.

அதற்குமுன் எனக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்காமலும் இல்லை. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் கண் இமை தடித்து, தோல் உரிந்து வந்தார். நான் ஒரு சொட்டு மருந்து எழுதினேன். அதிகமானது. மாற்றி எழுதினேன். இன்னும் அதிகமானது. நாலாவது தடவை வந்தபோது கண் பளிச்சென்று இருந்தது. எந்த மருந்து கேட்டது என்று பெருமையோடு விசாரித்தேன். "ஒண்ணும் கேக்கல டாக்டர். வெறுத்துப் போயி எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டேன், மூணே நாள்ல சரியாப்போச்சு" என்றார். அவருக்கு அலர்ஜியே என் மருந்தில்தான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்ததோடு விட்டுவிட்டேன், அதுதான் நான் செய்த தப்பு.

சண்முகத்தாய் முதல் தடவை வந்தது ஒரு பங்குனி மாதத் திங்கட்கிழமை. திங்கட்கிழமை என் கிளினிக்கில் நிற்க இடமிருக்காது. கடம்பூருக்கும் ஓட்டப்பிடாரத்துக்கும் நடுவில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளடங்கிய ஒரு சின்ன ஊர் அவளுக்கு. செம்மறி ஆடு மேய்க்கிற குடும்பம். புருஷன் ஆடுகளோடு இருந்தார். எட்டு வயது மகள் மாரீஸ்வரி, தாயின் சேலை முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

"எத்தன நாளா அரிக்கி?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமா டாக்டரம்மா. இந்த மாசம் வந்தா ஆரம்பிச்சிரும். சொல்லச் சொல்லக் கேக்காம கசக்குதா. பள்ளிக்கூடத்துல மெட்ராஸ் ஐன்னு வீட்டுக்கு அனுப்பிருதாவ."

"யாருட்டயும் காட்டலியா?"

"போன வருசம் ஒரு டாக்டருட்ட காமிச்சோம். அவிய சொட்டு மருந்து தந்தாவ. ரெண்டு நாள்ல சரியாப்போச்சுன்னு நிறுத்திட்டேன். பொறவு திரும்பவும் வந்துட்டு. அதான் நந்தியாவட்டப் பூவக் கசக்கி ஊத்திக்கிட்டு இருக்கேன்."

எனக்குக் கோபம் சுள்ளென்று வரும். ஊரிலேயே எனக்குக் கோவக்கார டாக்டரம்மா என்றுதான் பெயர். அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. திட்டினால்தான் மருந்தை ஒழுங்காகப் போடுகிறார்கள் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். வெளியே காத்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு நாள்ல நிறுத்தச் சொன்னது யாரு? நீ டாக்டரா, அவரு டாக்டரா? பூவ ஊத்துனியாம் பூவ! நல்லாக் கேட்டுக்கோ. நான் எழுதுற மருந்த ஒரு நாள் விடக் கூடாது. ஒரு வேள விடக் கூடாது. விட்டு இந்தப் பிள்ள கண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு. தெரியுதா?"

"சரிங்கம்மா" என்றாள். அவள் தலையாட்டிய விதம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சத்தியம் பண்ணுகிறவள்போல மகளின் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஆட்டினாள்.

இமையைப் புரட்டிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. கருவிழியிலும் லேசாகச் சிராய்ப்பு விழத் தொடங்கியிருந்தது. ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதினேன். அதை எழுதியது தப்பில்லை. அந்த நிலையில் இன்று ஒரு பிள்ளை வந்தாலும் அதைத்தான் எழுதச் சொல்வேன். இரண்டு வாரம் நாலு வேளை, அப்புறம் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும், சீசன் முடியும்வரை சாதாரண அலர்ஜி மருந்து போதும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சீட்டில் மருந்தின் பெயரையும் 'தினம் 4 வேளை' என்பதையும் எழுதிவிட்டு, எத்தனை நாள் என்று எழுதவேண்டிய இடத்தை வெறுமனே விட்டேன். இரண்டு வாரத்தில் வரத்தானே போகிறாள், அப்போது குறைத்து எழுதிக்கொள்ளலாம் என்று நினைப்பு. வெளியே முறைக்குச் சண்டை நடந்துகொண்டிருந்தது. "ரெண்டு வாரங் கழிச்சு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அவள் வரவில்லை. என் கிளினிக்கில் ராஜம் என்று ஒரு நர்ஸ் இருந்தார். யார் எப்போது வரவேண்டும் என்பதை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு என்னைத் துளைத்தெடுப்பவர்.

"டாக்டர், அந்த ஆட்டுக்காரவிய புள்ள வரவே இல்லியே. போன் நம்பர் இருக்கு. பண்ணிப் பாக்கட்டா?"

"சரியாப்போயிருக்கும் சிஸ்டர், அதான் வரல. நல்லாயிட்டா நம்மள யாரு தேடுவா?" என்றேன்.

ராஜம் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

பிற்பாடு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அந்த இரண்டு வாரத்துக்குள் அவர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அறுவடை முடிந்த நிலங்களில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துப் போடுவதைக் கிடை போடுவது என்பார்கள். இங்கே மேய்ச்சல் காய்ந்ததும் தாமிரபரணிப் பக்கம் வயல் வயலாகப் போய்க் கிடை போட்டுவிட்டு, மழைக்கு முன்னால்தான் திரும்புவார்கள். குடும்பமே போகும், பிள்ளையும் கூடப் போனாள். அங்கிருந்து கோவில்பட்டிக்கு வந்து என்னிடம் மறுபடி திட்டு வாங்குவதற்கு அவளுக்கு என்ன அவசியம்? கையில் சீட்டு இருந்தது. எந்த ஊர் மெடிக்கல் ஸ்டோரில் நீட்டினாலும் மருந்து கிடைத்தது. மருந்து போட்டதும் பிள்ளை கசக்குவதை நிறுத்தினாள், வெயிலில் கண்ணைத் திறந்து நடந்தாள். ஒரு நாள் விடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறாள்.

இரண்டரை வருடம் கழித்து, ஒரு ஐப்பசி மாதம் மழை விட்ட காலையில் அவர்கள் வந்தார்கள். யாரென்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிள்ளைக்குப் பதினொரு வயது. நல்ல உயரம். கண் இரண்டும் பால் மாதிரி வெள்ளையாக, ஒரு நரம்புகூடச் சிவக்காமல் இருந்தன.

"எதுக்கு வந்திருக்கீங்க? கண்ணு அழகாத்தான இருக்கு!"

"நீங்க தந்த மருந்துதாம்மா. ஒரு வேள விடல. ஆனா இப்பம் கொஞ்ச நாளா பாக்காம கொள்ளாம நடக்கா. வரப்புல தடுக்கி விழுதா. பக்கத்துல நிக்கிற குட்டிய மிதிச்சிருதா. கவனங் கெட்டவன்னு நாலு அடியும் போட்டுட்டேன். டீச்சரு கூப்பிட்டு, போர்டுல எழுதுறது தெரியலங்கா, கண்ணாடி போடணும்னு சொன்னாவ."

"என்ன மருந்து?"

மஞ்சப்பையிலிருந்து சீட்டை எடுத்துத் தந்தாள். கிழிந்துவிடக் கூடாதென்று ரேஷன் கார்டோடு சேர்த்து அதையும் லேமினேஷன் பண்ணி வைத்திருந்தாள். பிளாஸ்டிக்குக்கு உள்ளே என் கையெழுத்து அன்று எழுதியதுபோல அப்படியே இருந்தது. நாள் எழுதுகிற இடம் காலியாக இருந்தது.

பதற்றத்தைக் காட்டிக்கொள்ளாமல் பிள்ளையை உட்காரவைத்து இடது கண்ணை என் கையால் மூடினேன்.

"ஏன் டாக்டரம்மா லைட்ட அமத்திட்டீங்க?" என்று கேட்டாள்.

லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. ராஜம் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஸ்டீராய்டு மருந்து மாதக்கணக்கில் உள்ளே போனால் சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறும். பிள்ளைகளுக்குச் சீக்கிரம் ஏறும். வலிக்காது, சிவக்காது, நீர் வடியாது. பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். செத்த நரம்பு பிழைக்காது. மாரீஸ்வரிக்கு வலது கண் முழுதாகப் போயிருந்தது. இடது கண்ணில் நடுவில் மட்டும், சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற அளவுக்குப் பார்வை மிச்சமிருந்தது. அதுவாவது நிற்குமா என்பதுதான் அப்போதைய கேள்வி.

நான் கண் பார்க்கும் கருவியை விட்டுத் தலையைத் தூக்குவதற்குள் சண்முகத்தாய் கேட்டுவிட்டாள்.

"போன வருசம் கோயில் கொடைக்கி எங்க அம்மா ஊருக்குப் போயிருந்தோம். மருந்த எடுக்காமப் போயிட்டேன். மூணு நாள் விட்டுப்போச்சு. அதான் இப்படி ஆயிட்டா டாக்டரம்மா? நீங்க அன்னைக்கே சொன்னீங்க, விட்டா நான்தான் பொறுப்புன்னு."

நெருக்கடியில் எடுக்கிற முடிவு என்று நம் தொழிலில் பெரிதாகப் பேசுவோம். ரத்தம் கொட்டுகிற கண், விபத்து, ஆபரேஷன் மேஜை. எனக்கு வந்த நெருக்கடி இந்தக் கேள்விதான். பதில் எனக்குத் தெரியும். உன் கையால் நீ ஊற்றிய மருந்துதான் காரணம், அதை ஊற்றச் சொன்னது நான், நிறுத்தச் சொல்லாமல் விட்டதும் நான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இவ்வளவுதான்: "அதெல்லாம் ஒண்ணுமில்ல. இது வேற நோய். இந்த மருந்து இனி வேண்டாம், வேற மாத்துதேன். மதுரைக்கு உடனே போகணும்."

மதுரை டாக்டருக்குக் கடிதம் எழுதினேன். அதில் ஒளிவுமறைவு இல்லாமல், ஸ்டீராய்டு மருந்தால் வந்த பாதிப்பு என்றும் சீட்டு என்னுடையது என்றும் ஆங்கிலத்தில் எழுதினேன். உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று அப்போது ஒரு திருப்திகூட வந்தது. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவளால் அதை வாசிக்க முடியாது. அவள்தான் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக இடுப்பில் சொருகிக்கொண்டு போனாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். லேமினேஷன் பண்ணிய சீட்டை, "இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று வாங்கி மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன். ஏன் வாங்கினேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். இனி இதைக் காட்டி மருந்து வாங்கிவிடக் கூடாதே என்பதற்காகத்தான் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். நான் பயந்தேன் என்பதுதான் நிஜம்.

மதுரையில் இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்தார்கள். இடது கண்ணில் அழுத்தம் இறங்கி நின்றது. போன பார்வை போனதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். தை மாதம் தாயும் மகளும் என்னிடம் செக்கப்புக்கு வந்தார்கள். சண்முகத்தாய் தலையை மொட்டையடித்திருந்தாள்.

"என்ன சண்முகத்தாயி, நேர்த்திக்கடனா?"

"நேர்த்திக்கடன் இல்லம்மா. குத்தத்துக்கு. மூணு நாள் மருந்த விட்டேன்லா, அதுக்கு எங்க அம்மன்ட்ட முடியக் குடுத்து மன்னிப்புக் கேட்டேன். எங்க வீட்டு ஆளு எங்கூடப் பேசியே ரெண்டு மாசம் ஆவுது. புள்ள கண்ண நீதான் கெடுத்தன்னுட்டாரு."

ராஜம் சத்தமில்லாமல் மாரீஸ்வரியை வெளியே கூட்டிக்கொண்டு போனார். நான் எழுந்து கதவைச் சாத்தினேன். நோயாளிகள் காத்திருந்தார்கள், காத்திருக்கட்டும் என்று விட்டேன். டிராயரைத் திறந்து சீட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் அவளுக்குப் புரிகிற தமிழில், ஒன்று விடாமல் சொன்னேன். இந்த மருந்து இரண்டு வாரத்துக்கு மட்டும்தான் என்றும், அதை நான் எழுதாமல் விட்டேன் என்றும், நீ ஒழுங்காகப் போட்டதால்தான் அழுத்தம் ஏறியது என்றும், தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது என்றும் சொன்னேன். உன் வீட்டுக்காரரை அழைத்து வா, அவரிடமும் சொல்கிறேன் என்றேன். அவள் அழவில்லை.

அந்தச் சீட்டைக் கையில் எடுத்தாள். பிறகு கேட்டாள்:

"அப்பம் அந்த மூணு நாளுதான் எம்புள்ளைக்கு நான் நல்லது செஞ்சிருக்கேனா டாக்டரம்மா?"

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். வெளியே போய் நாலு பேரைக் கூட்டிவந்து கேட்டிருந்தால் நான் தலைகுனிந்து நின்றிருப்பேன். அவள் அதெல்லாம் செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் என்னவோ ஞாபகம் வந்தவளாக நிமிர்ந்தாள்.

"அந்தச் சீட்டப் பாத்து எங்க ஊர்ல இன்னும் ரெண்டு புள்ளைகளுக்கு இதே மருந்தத்தான் வாங்கி ஊத்துதாவ. மாரீசுக்கு நல்லாக் கேட்டுச்சுன்னு நான்தான் பேரச் சொல்லிக் குடுத்தேன். இப்பமே போயிச் சொல்லணும். நான் வாரேன்."

பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று என் காரிலேயே அவளையும் மகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். அவள் வழி சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த இரண்டு பிள்ளைகளையும் அன்று மாலையே கிளினிக்குக்குக் கூட்டிவந்து பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது, நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்தை நிறுத்தியதும் இறங்கிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் இன்று நன்றாகப் படிக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்றியது சண்முகத்தாய்.

அவள் புருஷனும் ஒரு நாள் வந்தார். அவரிடமும் சொன்னேன். நின்றுகொண்டே கேட்டார், "சரி" என்றார், போய்விட்டார். என் மேல் கோபமா, எல்லாவற்றின் மேலும் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதன்பிறகு பெண்டாட்டியோடு பேசினார் என்று ராஜம் விசாரித்துச் சொன்னார்.

அன்றிலிருந்து ஸ்டீராய்டு எழுதினால் எந்தத் தேதியோடு நிறுத்த வேண்டும் என்று சீட்டில் பெரிதாக எழுதி, அதைத் தாயை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு, பழைய பாட்டிலைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தால்தான் அடுத்த மருந்து என்று கறாராக இருந்தேன். சொன்ன நாளில் வராத பிள்ளையின் வீட்டுக்கு ராஜம் போன் பண்ணுவார், கேட்காமலே பண்ணுவார். நல்லாயிட்டதால்தான் வரவில்லை என்று நீங்கள் தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். நல்லாயிருக்கிறது என்பதற்காகவே அந்த மருந்தை அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள். கண் தெளிவாக இருக்கிறதென்று அழுத்தம் பார்க்காமல் அனுப்பவும் செய்யாதீர்கள். திட்டுவதை நான் நிறுத்தினேனா என்று கேட்டால், முழுதாக நிறுத்த முடியவில்லை. சுபாவம் அது. ஆனால் 'நீதான் பொறுப்பு' என்ற வார்த்தை அதற்குப்பின் என் வாயில் வந்ததில்லை. பயந்த தாய் மருந்தை விடமாட்டாள், நம்மிடம் திரும்ப வரவும் மாட்டாள்.

அவர்கள் ஆடுகளை விற்றுவிட்டார்கள். பார்வை இல்லாத பிள்ளையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிடை போட முடியாது. சண்முகத்தாய் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற இடத்தில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போனாள். மாரீஸ்வரியைப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்க்க நான் அலைந்தேன், சேர்த்தேன். இதையெல்லாம் சொல்லி என் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளப் பார்க்கிறேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஆகவே இதோடு விடுகிறேன்.

கடைசியாக அவர்கள் வந்தது நான் கிளினிக்கை மூடிய வருடத்துச் சித்திரையில். வெளியே புழுதிக் காற்று சுழற்றி அடித்துக்கொண்டிருந்தது. காத்திருந்த பிள்ளைகளில் பாதிப்பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். மாரீஸ்வரிக்குப் பதினாலு முடிந்து, பெரியவளாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மேஜை விளிம்பைத் தடவிப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுத்தம் பார்த்தேன். இடது கண்ணில் இருந்த துளிப் பார்வை அப்படியே நின்றிருந்தது. பழக்கதோஷத்தில் மேல் இமையைப் புரட்டினேன். மேடு எதுவும் இல்லை. எந்தக் காலத்திலும் ஒன்றும் வராத இமை மாதிரி வழவழவென்று இருந்தது.

"டாக்டரம்மா, இந்த வருசம் அரிக்கவே இல்ல! இந்தக் காத்துலயும் ஒரு தடவகூட நான் கசக்கல. சுத்தமா நல்லாயிட்டுல்லா?" என்று உற்சாகமாகக் கேட்டாள்.

"ஆமா மாரீஸ்வரி. நல்லாயிட்டு."

சண்முகத்தாய் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"மருந்து ஒண்ணும் போடலியே டாக்டரம்மா. எப்படிப் போச்சு?"

இந்தத் தடவை நான் பொய் சொல்லவில்லை. "பிள்ளைக பெரிசானா இது தானாப் போயிரும், சண்முகத்தாயி."

"தானாவா?"

"ஆமா."

அவள் மகளின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, "பாத்து வா, முன்னால படி இருக்கு" என்று சொல்லி, மெதுவாக வெளியே கூட்டிப் போனாள்.